திறவுகோல் எவர் கையில்?

வாயிலிலே மருத்துவமனை என்ற பெயர். உள்ளே சிறைக்காவலரின் சாவிக்கொத்து! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிரிட்ஜ்வாட்டர் எனும் ஊரில், குற்ற வழக்கில் சிக்கிய மனநோயாளரை அடைத்து வைக்கும் அரசு நிலையத்தை 1966இல் படம்பிடித்தார் ஃபிரெடரிக் வைஸ்மன். ‘டிட்டிகட் ஃபாலிஸ்’ எனும் அந்தப் படம் 1967இல் வெளிவந்தது.

விளக்கவுரை இல்லை, காட்சிகளே பேசுகின்றன. ஆடையின்றி நிற்கும் ஒருவரிடம், அறை சுத்தமாக இருக்கிறதா என்று காவலர்கள் கேட்டுக் கேட்டுச் சீண்டுகிறார்கள். அவர் கதறும் வரை விடவில்லை. உண்ண மறுத்த முதியவரின் மூக்கிலே குழாய் செலுத்தி உணவு ஊற்றுகிறார் மருத்துவர். அவர் வாயிலோ சிகரெட்! தன்னைச் சிறைக்கே திருப்பி அனுப்புமாறும், இந்த இடந்தான் தன்னைக் கெடுக்கிறது என்றும் வாதாடுகிறார் ஓர் இளைஞர். மருத்துவர் குழு கூடுகிறது. மருந்தின் அளவைக் கூட்டுகிறது. கேட்டது நீதி, கிடைத்தது மாத்திரை!

காவலர்கள் கொடியவர்கள் என்று கூறிக் கதையை முடித்துவிடலாமா? படம் அதற்கு இடந்தரவில்லை. இதே காவலர்கள் கலைவிழா மேடையில் நோயாளரோடு சேர்ந்து பாடுகிறார்கள். பூட்டிக் காக்கப் பழக்கப்பட்டவரிடம் பேணிக் காக்கும் பணியை ஒப்படைத்த ஏற்பாடே குற்றவாளி.

குறையும் உண்டு. இசைவு தரும் நிலையில் இல்லாதோரின் முகத்தையும் உடலையும் ஊரறியக் காட்டலாமா? நியாயமான கேள்வி. ஆனால், அதைக் கேட்டது யார்? அவர்களை ஆடையின்றி நிறுத்திய அதே அரசு! 1968இல் படப்பிரதிகளை அழிக்கச் சொன்னது நீதிமன்றம். 1969இல் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் மட்டும் பார்க்கலாம் என்றது மேல் நீதிமன்றம். பொதுமக்களுக்கு 1991இல்தான் வழி திறந்தது. மறைக்கப்பட்டது நோயாளியின் மானமா, நிருவாகத்தின் மானக்கேடா?

1966க்குப் பின் அங்கு முன்னேற்றம் ஏற்பட்டதாகப் படத்திலேயே அறிவிக்க வேண்டும் என்பதும் நீதிமன்ற ஆணை. அறிவிப்பு வந்தது, கொடுமை அகன்றதா? 2009இல் காவலர்கள் கட்டிலில் பிணைத்தபோது நோயாளி ஒருவர் மாண்டார்!

ஆபத்தானவர்களை வேறு எப்படி அடக்குவது என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடை 2017இல் அதே இடத்தில் கிடைத்தது. விடுதிகளின் உள்ளிருந்து சிறைக்காவலர் விலக்கப்பட்டனர். சிகிச்சைப் பணியாளர் பொறுப்பேற்றனர். கட்டிப்போடுவதும் தனியறையில் பூட்டுவதும் பெருமளவு குறைந்தன. நோயாளர் மாறவில்லை, அருகில் நின்றவர் மாறினார்.

மதில் இருக்கட்டும், காவலும் இருக்கட்டும், தோழர்களே! ஆனால் மதிலுக்குள்ளே நோயாளியை நெருங்கும் கை, செவிலியரின் கையாக இருக்க வேண்டும். அந்த உண்மையை உணர அரை நூற்றாண்டு வீணானதே, அதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை எழுப்புவதால்தான் இப்படம் இன்றும் பார்க்கத்தக்கது.