பன்றிக்குடல் பேட்ச்: நாயிடம் பாஸ், மனுஷனிடம் ஃபெயில்

தோள்பட்டைத் தசைநாண் (ரொட்டேட்டர் கஃப்) பெரிசா கிழிஞ்சா, தைத்த பிறகும் பல பேருக்கு மறுபடி விட்டுப்போகும். பெரும்பாலும் நூல் அறுவதில்லை. நைந்த தசைநாணை நூல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் வந்ததுதான் தையல் மேல் ஒரு பேட்ச் போடும் யோசனை.

அப்படி ஒன்று 'ரெஸ்டோர்'. பன்றியின் சிறுகுடல் சுவரிலிருந்து எடுத்த கொலாஜன் படலம். செல்களை நீக்கிவிட்டால் சாரம் மட்டும் மிஞ்சும், அதில் நம் செல்கள் குடியேறும் என்பது கணக்கு. நாய்களில் முடிவு நன்றாகவே வந்தது.

2006-ல் அயனோட்டி குழு 30 தோள்களில் சோதித்தது. பேட்ச் வைத்த 15-ல் ஆறியது 4; வைக்காத 15-ல் 9. சின்ன ஆய்வு, 'பேட்ச்தான் கெடுத்தது' என்று சொல்ல இது போதாது. ஆனா 'உதவியது' என்று சொல்ல இடமே இல்லை. இந்த மாதிரி பெரிய, பழைய கிழிசலுக்கு வேண்டாம் என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள்.

எங்கே தப்பு? நாயிடம் வெட்டியது நல்ல தசைநாணை. மனுஷனிடம் இருந்தது நாள்பட்ட கிழிசல். டெஸ்ட் டேட்டா வேற, நிஜ டேட்டா வேற. போதாததற்கு, அந்தப் படலத்தில் பன்றி டிஎன்ஏ மிச்சமிருப்பதை 2005-லேயே ஒரு ஆய்வு காட்டியிருந்தது. 'செல் நீக்கியது' என்பதும் முழு உண்மை இல்லை.

இப்போதும் புதுப்புது பேட்ச் வருகிறது. 'இயற்கையானது', 'வலி குறைந்தது' என்பதோடு நிறுத்தினால் நம்பாதீங்க. பேட்ச் இல்லாத குழுவோடு ஒப்பிட்டார்களா, ஸ்கேனில் தசைநாண் ஒட்டியிருந்ததா என்று பாருங்க.