பல்குச்சி முனையில் ஒரு துளி வெள்ளி

கோடு போய்விட்டது! ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி, பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு வாசல், புங்க மரத்து நிழல், கையில் மைக்ரோஃபைபர் துணி, எதிரே என் வெள்ளி நிற வேகன் ஆர். அதன் இடது முன்கதவில் மூன்று மாதமாக என்னை உறுத்திக்கொண்டிருந்த ஒரு சாண் நீளக் கீறல். கடைசியாக ஒருமுறை துணியால் வட்டம் போட்டுத் துடைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்க்கிறேன், காணோம்! எதிர்வீட்டு மாடிக் கைப்பிடி, கரண்ட் கம்பி, கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கா, எல்லாம் அந்தக் கதவில் வழுக்கிக்கொண்டு தெரிகிறது, கீறல் இருந்த இடத்தில் கம்பி அறுபடவே இல்லை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஓட்டம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுத்தெருவில் நின்று "ஏய், வந்து பாரேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பை அணைக்காமலேயே ஓடிவந்தாள்.

காக்ஸ் டவுன் சந்துகளைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கீறல் எப்படி வந்தது என்று சொல்லவே வேண்டாம். குதிரை வண்டிக் காலத்து அகலம், இன்றைக்கு இரண்டு பக்கமும் கார், நடுவில் ஆட்டோ, ஆட்டோவுக்கும் காருக்கும் நடுவில் ஸ்கூட்டர். மார்க்கெட்டில் கீரை வாங்கிவிட்டு வருவதற்குள் யாரோ எதையோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு பெயிண்ட் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "கதவு முழுக்க அடிக்கணும் சார், நாலு நாள் வண்டியை விட்டுடுங்க" என்றார்கள். ஒரு சாண் கீறலுக்கு ஒரு முழுக் கதவா! மனசு ஒப்பவில்லை. கம்பெனியில் போட்ட பெயிண்டைப் போல இனி எந்தக் கடையிலும் போட முடியாது. அங்கே பாடியை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் ப்ரைமரை ஒட்டவைத்து, அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். அதை ஒரு கோட்டுக்காக உரித்துப் போடுவதாவது!

அன்று ராத்திரி தூக்கம் வராமல் டார்ச்சோடு கீழே இறங்கிப் போனேன். கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். நீங்களும் இதைச் செய்து பாருங்கள், இன்றைக்கே செய்து பாருங்கள்! கீறலில் பாதி மாயமாக மறைந்தது. மறைந்த பாதி வெறும் மேல்தோல் கீறல், அதாவது கிளியர் கோட்டில் மட்டும் விழுந்தது. கீறிய பள்ளத்தின் கரடுமுரடில் வெளிச்சம் சிதறுவதால்தான் அது வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. தண்ணீர் பள்ளத்தை நிரப்பினால் வெளிச்சம் சிதறாமல் நேரே உள்ளே போய்விடும், கோடும் மறைந்துவிடும். அந்தப் பாதிக்குப் பெயிண்டே வேண்டாம், ரப்பிங் காம்பவுண்டு போதும். மறையாத பாதியில் விரல் நகத்தை வைத்து இழுத்தேன், டக்கென்று மாட்டியது. அங்கே ஆழம் அதிகம், கலரும் போய் ப்ரைமர் தெரிகிறது.

இதில் என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்த சங்கதி ஒன்று இருக்கிறது. தகட்டின்மேல் முக்கியெடுத்த ப்ரைமர், இன்னொரு ப்ரைமர், அப்புறம் கலர், அதுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட், இத்தனை அடுக்கும் சேர்த்தே மொத்தம் சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். தலைமுடி இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்த கனம்! அதற்குள் மழை, வெயில், காக்கா எச்சம், புங்கம்பூ எல்லாவற்றையும் அது தாங்குகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் வண்டியை நான் தொடுகிற விதமே மாறிவிட்டது.

ஆழமான பாதிக்கு அதே கலர் வேண்டும். பானட்டுக்கு உள்ளே ஒரு சின்னத் தகட்டில் கலர் நம்பர் அடித்திருக்கும். என்னுடையது சில்க்கி சில்வர், இசட் 2 எஸ். அந்த மூன்று எழுத்தை ஏதோ ஜாதகக் குறிப்பு மாதிரி கையில் எழுதிக்கொண்டு ஜே.சி. ரோடுக்குக் கிளம்பினேன். ஜே.சி. ரோடு! பெங்களூரில் வண்டி வைத்திருப்பவனுக்கு அதுதான் திருப்பதி. கடைகளுக்கு வெளியே தொங்கும் சீட் கவர், ஹாரன், பம்பர், அந்தத் தின்னர் வாசனை, மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் ஜில்லென்று இறங்கும். பெயிண்ட் கலக்கிக் கொடுக்கும் கடையில் ஒரு பெரியவர் நம்பரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எத்தினி வருஷத்து வண்டி சார்?" எட்டு என்றேன். "அப்ப நம்பர் மட்டும் போதாது. வெயில்ல கலர் எறங்கியிருக்கும். டாங்கி மூடியக் கழட்டினு வா." பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு கறுப்பு, ஒரு சொட்டு வெள்ளி என்று தராசில் ஊற்றி ஊற்றி, குச்சியால் தொட்டு மூடியில் தேய்த்துப் பார்த்து, தலையை ஆட்டி, மறுபடி ஒரு சொட்டு... நான் கச்சேரி கேட்பவன் மாதிரி நின்றேன். கடைசியில் நகப்பூச்சு பாட்டில் அளவில் ஒன்றைக் கொடுத்து, "நல்லா ஆட்டு சார். ஆட்டலைன்னா வெள்ளி எல்லாம் கீழ குந்திக்கும்" என்றார். உண்மைதான். சில்வர் பெயிண்டில் மினுங்குவது அலுமினியத் துணுக்குகள், கனம் அதிகம், அடியில் போய்ப் படிந்துவிடும். பாட்டிலுக்குள் ஒரு குட்டி இரும்புக் குண்டு போட்டிருப்பது அதற்காகத்தான். ஆட்டினால் கடகடவென்று பேசும். அங்கிருந்து வீடு வரைக்கும் ஆட்டிக்கொண்டே வந்தேன்.

பெரியவர் பேச்சோடு பேச்சாகச் சொன்ன 'டுக்கோ' என்ற சொல்லையும் விடக்கூடாது. நம்மூரில் கார் பெயிண்ட் அடிப்பதையே இன்னும் டுக்கோ அடிப்பது என்கிறார்கள். அது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1920களில் கொண்டுவந்த பெயிண்டின் பெயர். அதற்கு முன்னால் கார் பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆகும், டுக்கோ வந்த பிறகு சில மணி நேரம். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பாட்டிலின் பெயர் ஜே.சி. ரோட்டில் இன்னும் புழங்குகிறது, உங்களுக்குப் புல்லரிக்கவில்லையா? எனக்குப் புல்லரித்தது.

முதலில் கதவில் கை வைக்கவில்லை. பானட்டில் பொட்டுப் பொட்டாகக் கல்பட்ட தழும்புகள் இருந்தன, கிருஷ்ணகிரி தாண்டி ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் போனதன் பரிசு. அவற்றில் பழகினேன். ஷாம்பு போட்டுக் கழுவி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கி, ஒரு பொட்டில் பழுப்பாகத் துரு எட்டிப்பார்த்ததால் ஊசி முனையால் சுரண்டி, துரு மாற்றி மருந்து ஒரு சொட்டு வைத்து, காயவிட்டு, ப்ரைமர் வைத்து, அப்புறம்தான் கலர். பெயிண்டோடு வரும் பிரஷ்ஷைத் தூக்கி ஓரம் வையுங்கள், அது சுவருக்கு வெள்ளையடிக்கிற கட்டை. பல்குச்சி! அதன் முனையில் ஒரு துளி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தின் நடுவில் தொட்டால் போதும், துளி தானே பரவி விளிம்புவரை ஓடி நிற்கும். அந்த நொடியை நினைத்துப் பாருங்கள், ஒரு குட்டி வெள்ளி நிலா எழும்புகிற மாதிரி இருக்கும்! அரைமணியில் தின்னர் பறந்துபோய்த் துளி வற்றிக் குழிந்துவிடும். பயப்படாதீர்கள். இன்னொரு துளி வையுங்கள். மறுபடி வற்றும். இன்னொன்று. ஒரேயடியாக ஊற்றினால் மேலே தோல் காய்ந்து உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். துளித் துளியாகத்தான் வரவேண்டும். வெயிலில் செய்யாதீர்கள், மழை ஈரத்தில் செய்யவே செய்யாதீர்கள், கிளியர் பால் மாதிரி வெளுத்துவிடும். எங்கள் ஊர் ஜனவரி நிழல் இதற்கென்றே வாய்த்தது. ஹார்ட்னர் கலக்குகிற டூ-கே கிளியரின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, அது தகுந்த முகமூடியோடு அடிப்பவர்களின் வேலை. வீட்டுக்கு ஹார்ட்னர் இல்லாத ஒன்-கே போதும்.

கதவுக் கீறலுக்குப் பல்குச்சி போதவில்லை, கோலப்பொடிக் கோடு மாதிரி இழுக்கப் பூஜ்ஜியம் நம்பர் ஓவியத் தூரிகை வாங்கினேன். இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப். கலர் நாலு பூச்சு, கிளியர் அஞ்சு பூச்சு. முடிந்தபோது கதவில் ஒரு புழு ஊர்வது மாதிரி மேடாக இருந்தது. அப்படித்தான் இருக்கவேண்டும்! மேடாக இருந்தால்தானே தேய்க்க முடியும். ஆனால் உடனே அல்ல. ஒரு வாரம் காயவேண்டும். அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு! ஆபீசில் உட்கார்ந்தால் கதவு ஞாபகம், ராத்திரி சாப்பிட்டதும் டார்ச், வண்டியை எடுக்காமல் நடந்தே போனேன், வீலர் ரோட்டில் தாம்ஸ் பேக்கரிக்கு பன் வாங்கப் போனாலும் அங்கே வாசலில் நிற்கிற கார்களின் கதவுகளைத்தான் பார்த்தேன்.

ஞாயிறு வந்தது. 2000 நம்பர் வாட்டர் பேப்பர் பத்து நிமிஷம் ஊறியது. 1921இல் ஃபிரான்சிஸ் ஓக்கி கண்டுபிடித்து 3எம் கம்பெனி விற்ற சங்கதி இந்தத் தண்ணீர்த் தாள். சுற்றிலும் ஒட்டிய மாஸ்கிங் டேப்பும் அதே கம்பெனியின் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் கொண்டுவந்தது, அதுவும் இரண்டு கலர் கார் அடிக்கிற பெயிண்டர்கள் படும் அவஸ்தையைப் பார்த்து! தாளை ஒரு அழி ரப்பரில் சுற்றி, மேட்டின்மேல் மட்டும், எடையே இல்லாமல், சர்ர்... சர்ர்... பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வழிகிறது. துடைத்தால் அந்த இடம் முழுக்க மங்கிப்போய்ச் சாம்பல் பூத்திருக்கிறது. இதயம் நின்றுவிடும்! பளபளப்பாக இருந்த கதவை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றும். கேளுங்கள், அங்கேதான் நிற்கக்கூடாது. விரலை வைத்துத் தடவினேன், மேடு இல்லை, பள்ளம் இல்லை, கண்ணை மூடினால் கோடு எங்கே என்று விரலுக்கே தெரியவில்லை! 3000 தாள் ஒரு சுற்று, அப்புறம் காம்பவுண்டு ஒரு பட்டாணி அளவு, துணி, வட்டம், வட்டம், வட்டம், தோள் வலிக்கிறது, பெங்களூர் ஈஸ்ட் பக்கம் ரயில் ஊதுகிறது, தேவாலய மணி அடிக்கிறது, அந்த மங்கலுக்குள்ளிருந்து முதலில் ஒரு நிழல், அப்புறம் என் முகத்தின் விளிம்பு, அப்புறம் மூக்கு, அப்புறம் பின்னால் மரம், இலை இலையாக, கிளியர் கோட் கண் திறக்கிறது, மூடியிருந்த குளத்துப் பாசியை யாரோ கையால் விலக்கிவிட்டது மாதிரி வெளிச்சம் உள்ளே இறங்குகிறது, நான் துடைக்கத் துடைக்க தெரு முழுவதும் அந்தக் கதவுக்குள் வந்து நிறைகிறது, காக்கா உட்பட! அப்போதுதான் கத்தினேன்.

சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது, கதவோடு கன்னத்தை வைத்துப் பார்த்தால், முடி அளவுக்கு ஒரு கருமை தெரியும். ஸ்ப்ரே துப்பாக்கியில் அடிக்கும்போது அலுமினியத் துணுக்குகள் படுக்கிற மாதிரி தூரிகையில் படுக்காது, சில்வரில் அது அப்படித்தான். யார் போய்க் கன்னத்தை வைக்கப்போகிறார்கள்!

இரண்டாவது வீட்டு ஆன்ட்டிக்கு எழுபது வயது, சிவப்பு ஆல்டோ, பம்பர் மூலையில் வெள்ளையாக ஒரு தோல் உரிந்த இடம். என் கதவைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். "எங்கேப்பா இருந்துச்சு?" என்றார். நானே தேடித்தான் காட்டினேன்! "என்னோடதையும் பார்த்துக் கொடேன்" என்றதும் அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். பம்பர் பிளாஸ்டிக், துரு பயமே கிடையாது, சிவப்பு வேறு, மெட்டாலிக் இல்லாத சாதாச் சிவப்பு, தூரிகைக்கு அல்வா! ஆல்டோவின் பானட்டைத் திறந்து கலர் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டேன். டாங்கி மூடியையும் கேட்டு வாங்கிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு ஜே.சி. ரோட்டில் கடை திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன்.