உவமையில் அடங்காத ஆமை

நம் இலக்கியத்தில் ஆமைக்குப் பஞ்சம் கிடையாது. ஐம்புலனையும் அடக்கும் ஞானிக்கு வள்ளுவர் ஆமையை உவமை சொன்னார். கீதையிலும் அதே உவமை இருக்கிறது. புராணத்தில் அது மந்தர மலையையே முதுகில் தாங்கிற்று. பள்ளிக்கூடப் பாடத்தில் முயலை ஓட்டத்தில் ஜெயித்தது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது பழமொழி. ஆமை என்றால் பிராணி அல்ல, கல்லாமை, முயலாமை, பொறாமை என்று அதற்குச் சாதுரியமாக உரை சொல்லும் பிரசங்கிகளும் உண்டு. குருவின் அருளை விளக்க வருகிறவர்கள், மீன் பார்வையாலும் பறவை ஸ்பரிசத்தாலும் ஆமை நினைப்பாலும் குஞ்சு பொரிக்கின்றன என்பார்கள்.

இவ்வளவும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இவற்றிலெல்லாம் ஆமை எங்கே இருக்கிறது? வேறு எதையோ சொல்வதற்கு அது வாகனமாக வந்து, சொல்லி முடித்ததும் இறங்கிப் போய்விடுகிறது. வள்ளுவர் பார்த்தது குளத்து ஆமையாக இருக்க வேண்டும். அந்த உவமையில் குற்றம் இல்லை. கடல் ஆமையோ தலையையும் துடுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவே முடியாத பிராணி. முட்டையைப் பொரிப்பதும் தாயின் நினைப்பு அல்ல, மணலின் சூடு. அகநானூற்றில் ஒரு நெய்தல் பாட்டு, மணலில் புதைத்த ஆமை முட்டையின் வடிவத்தையும் புலால் நாற்றத்தையும் எவ்வளவோ கூர்மையாகச் சொல்கிறது. அந்தப் புலவர் கரையில் நின்று பார்த்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவரும் ஆண் ஆமையைக் காவலுக்கு நிறுத்திவிடுகிறார். உண்மையில் முட்டையிட்டு மூடிய பிறகு தாயும் திரும்பிப் பார்ப்பதில்லை. தந்தை கரைக்கே வருவதில்லை. தலைவன் கடமை தவறக் கூடாது என்ற அகப்பொருள் நியாயத்துக்காக ஆமையும் குடும்பஸ்தனாகிவிட்டது.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது ஓர் அமெரிக்கப் புத்தகம். ஆர்ச்சி கார் எழுதிய ‘தி விண்ட்வர்ட் ரோட்’ 1956-ல் வெளிவந்தது. கார் (1909–1987) ஃபுளோரிடா சர்வகலாசாலையில் விலங்கியல் பேராசிரியர். அதற்கு நாலு வருஷம் முன்பு, 1952-ல், ஆமைகளைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி நூல் ஒன்றும் வெளியிட்டிருந்தார். அதைப் படித்தவர்கள் விஞ்ஞானிகள். இதைப் படித்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். இதில் ‘கருங்கரை’ என்று பொருள்படும் ஓர் அத்தியாயத்துக்குச் சிறுகதைகளுக்கென்றே ஏற்பட்ட ஓ. ஹென்றி பரிசு 1956-ல் கிடைத்தது. கதை எழுதுகிற ஜாதியைச் சேர்ந்தவன் என்ற முறையில் இந்தச் செய்தி என்னைச் சற்று உறுத்தியது. கற்பனைப் பாத்திரம் ஒன்றுகூட இல்லாமல் இந்த மனிதர் நம்முடைய பரிசை எப்படித் தட்டிக்கொண்டு போனார்?

புத்தகத்தைப் படித்தால் பதில் தெரிகிறது. தமக்குத் தெரிந்ததைச் சொல்வதை விட, தெரியாததைத் தேடிப் போவதையே அவர் கதையாக ஆக்குகிறார். ரிட்லி என்று ஒரு கடல் ஆமை. மெக்ஸிகோ வளைகுடாவில் செம்படவர் வலையில் அகப்படுகிறது. ஆனால் அது எந்தக் கரையில் முட்டையிடுகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. அதற்கு இனவிருத்தியே கிடையாது, வேறு இரண்டு ஜாதி ஆமைகள் கலந்து பிறந்த கலப்பு அது என்று செம்படவர்கள் சொன்னார்கள். மல்லாக்கப் போட்டால் மனம் உடைந்து செத்துப் போகும் என்றும் சொன்னார்கள். கார் இந்தப் பேச்சுகளை எழுதும்போது ஏளனம் செய்வதில்லை. ஒவ்வொருவர் சொல்வதையும் சாட்சியைப் போலக் கேட்டு, குறுக்கு விசாரணை செய்து, அடுத்த கரைக்குப் போகிறார். துப்பறியும் நாவலில் சடலம் கிடைக்கும், கொலைகாரன் கிடைக்க மாட்டான். இங்கே ஆமை கிடைக்கிறது, அதன் ஊர் கிடைக்கவில்லை. புத்தகத்தை மூடும்போதும் விடை இல்லை. விடை தெரியாத விஷயத்தை விடை தெரியாமலே விட்டு, வாசகனை ஏமாற்றாமல் இருப்பது லேசான காரியம் அல்ல. நம்மில் பலர் கடைசி அத்தியாயத்தில் யாருக்காவது கல்யாணம் செய்து வைத்துவிடுவோம்.

இரண்டாவது பலம் அதில் வரும் மனிதர்கள். கேமன் தீவுகளில் பரம்பரையாக ஆமை பிடிக்கும் கப்பல் தலைவர்கள் வருகிறார்கள். நிகரகுவாக் கரையோரத்தில் பிடித்து, உடைமைக்காரரின் அடையாளம் இட்டு, எத்தனையோ நூறு மைலுக்கு அப்பால் ஃபுளோரிடாவில் அடைத்து வைத்திருந்த ஆமைகள் புயலில் தப்பிப் போனதையும், பிறகு பழைய இடத்திலேயே மறுபடி அகப்பட்டதையும் அவர்கள் சொல்கிறார்கள். ஆமைக்கு வழி தெரியும் என்பது அவர்கள் கட்சி. விஞ்ஞானி அதை அப்படியே நம்பிவிடவில்லை, தள்ளிவிடவும் இல்லை. 1955-ல் கோஸ்டாரிகாவின் டார்ட்டுகேரோ கரையில் பச்சை ஆமைகளுக்கு எண்ணிட்ட தகடு பொருத்தத் தொடங்கினார். தகட்டை அனுப்புகிறவருக்குப் பரிசு உண்டு என்று அதில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பொறித்திருந்தது. ஆங்கிலத்தில் ‘ரிவார்ட்’, ஸ்பானிஷில் ‘பிரேமியோ’. இந்த இரண்டு சொற்களையும் ஓர் ஆளின் பெயர் என்று எண்ணி, ‘சென்யோர் ரிவார்ட் பிரேமியோ’வுக்குக் கடிதம் வந்தது. 1967-ல் எழுதிய மற்றோர் ஆமை நூலில் ஓர் அத்தியாயத்துக்கே கார் இந்தப் பெயரை வைத்தார். இந்த ஹாஸ்யம் செம்படவரைப் பார்த்துச் சிரிப்பதல்ல. அவரோடு சேர்ந்து சிரிப்பது.

கப்பல்காரர் கட்சிதான் கடைசியில் ஜெயித்தது. பெண் ஆமை இருபது முப்பது வருஷமோ அதற்கு மேலோ கடலில் வளர்ந்து, தான் பிறந்த கரைப் பகுதிக்கே முட்டையிட வருகிறது என்பதைப் பிற்காலத்து மரபணு ஆராய்ச்சி உறுதி செய்தது. பிரேஸில் கரையோரத்தில் மேயும் பச்சை ஆமைகள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, அட்லாண்டிக்கின் நடுவே புள்ளியாகக் கிடக்கும் அஸென்ஷன் தீவுக்குப் போய் முட்டையிடுகின்றன. பூமியின் காந்தப் புலத்தை அவை உணர்ந்து திசை அறிகின்றன என்று இன்று சொல்கிறார்கள். ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இட்டு, பருவத்தில் பல தடவை கரையேறுகின்றன. மணல் சூடு கூடினால் குஞ்சுகள் பெண், குறைந்தால் ஆண். ஆஸ்திரேலியாவின் பவழத்திட்டில் வடபகுதிக் கரைகளிலிருந்து வரும் இளம் ஆமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெண்கள் என்று 2018-ல் கண்டார்கள். முட்டையிடும் ஆமை கண்ணீர் விடுவதும் பிரசவ வேதனையால் அல்ல; உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணருகில் உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. மட்டமான நாவலாசிரியன் கண்ணீரோடு நின்றுவிடுவான். உப்பு வரை போகிறவனுக்குத்தான் மேலே வழி கிடைக்கும்.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. கட்டுக்கோப்பு மிகவும் தளர்ச்சி. ஆமையைத் தேடிப் போகிறவர் டிரினிடாட்டில் ஒரு விசித்திரத் தவளையின் பின்னால் போய்விடுகிறார். அதன் வால் முளைத்த குஞ்சு பெரிது, வளர்ந்த தவளை சிறிது! சுவாரஸ்யம்தான், ஆனால் வேறொரு புத்தகத்துக்கு உரிய சுவாரஸ்யம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 1503-ல் கொலம்பஸ் கேமன் தீவுகளைக் கண்டபோது ஆமைக் கூட்டத்தைப் பார்த்து அவற்றுக்கு ‘ஆமைத் தீவுகள்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார். அந்தக் கூட்டத்தை மனிதர் தின்றே தீர்த்தார்கள். கார் இந்த அழிவைச் சொல்லி, மிஞ்சியவற்றைக் காக்க வேண்டும் என்று வாதாடும்போது, ஏழை நாடுகளுக்கு நல்ல உணவாகக்கூடிய செல்வம் இது என்பதையும் ஒரு காரணமாக வைக்கிறார். அதாவது, நாம் ஆமையை ஞானிக்கு உவமையாக்கினோம். அவர் ஒரு கணம் அதை சூப்புக் கிண்ணமாக்கிவிட்டார். இரண்டிலும் ஆமை தனக்காக இல்லை. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. வியாபாரத்துக்கு ஆமைப் பண்ணை வைத்தால் ஆமை மேல் உள்ள ஆசைதான் வளரும் என்று பின்னாளில் பண்ணைகளை எதிர்த்தார். எழுத்தாளன் தன் புத்தகத்தைத் தாண்டி வளர்ந்ததற்கு இது நல்ல உதாரணம்.

புத்தகத்தால் உலகில் என்ன நடந்துவிடும் என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தப் புத்தகத்தால் நடந்ததைச் சொல்லலாம். நியூயார்க்கில் பத்திரிகைத் தொழிலில் இருந்த ஜோஷுவா பவர்ஸ் என்பவர் இதைப் படித்துவிட்டு, பிரதிகள் வாங்கி நண்பர்களுக்கு அனுப்பினார். ‘பச்சை ஆமைச் சகோதரர்கள்’ என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. ஆமையைக் காப்பதோடு, வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு இரவுதோறும் ஆமை சூப் தவறாமல் கிடைக்கச் செய்வதும் அவர்களுடைய நோக்கமாம்! வேடிக்கையாகத் தொடங்கியது 1959-ல் கரிபியன் பாதுகாப்புச் சங்கமாகப் பதிவாயிற்று. டார்ட்டுகேரோ 1975-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. எல்லா முயற்சியும் பலித்தது என்று சொல்ல முடியாது. 1960-களில் கடற்படை விமானங்களில் குஞ்சுகளை ஏற்றிக் கரிபியன் கரைகளெங்கும் கொண்டுபோய் விட்டார்கள். அதனால் புதிய கூட்டம் எதுவும் நிலைகொண்டதாகத் தெரியவில்லை. பிறந்த கரையை மறக்காத பிராணிக்கு மனிதன் ஊர் மாற்றிக் கொடுக்க முடியவில்லை. ஆனாலும் 2025 அக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பச்சை ஆமையை அழிவு அபாயத்தில் உள்ளவற்றின் வரிசையிலிருந்து எடுத்து, அவ்வளவு கவலை வேண்டாதவற்றின் வரிசையில் சேர்த்தது. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேருடைய உழைப்பு அது. அதில் ஒரு பங்கு இந்தப் புத்தகத்துக்கு உண்டு. டார்ட்டுகேரோவிலேயே கூடுகள் மறுபடி குறைந்து வருவதாக 2023-ல் கணக்கெடுப்பவர்கள் எழுதியதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

ரிட்லியின் புதிருக்கு விடை? கார் புத்தகம் எழுதும்போதே அது ஒரு பெட்டிக்குள் சுருளாகக் கிடந்தது! 1947-ல் ஆந்த்ரேஸ் எர்ரேரா என்ற மெக்ஸிகோ பொறியாளர், ராஞ்சோ நுவேவோ என்ற கரையில் பட்டப்பகலில் ஆமைகள் கூட்டமாக ஏறி முட்டையிடுவதைப் படம் பிடித்திருந்தார். விஞ்ஞானிகள் அதைப் பார்த்தது 1961-ல்தான். ஒரே நாளில் சுமார் 40,000 ஆமைகள் என்று மதிப்பிட்டார்கள். 1985-ல் ஒரு பருவம் முழுவதற்கும் சுமார் 700 கூடுகளே எஞ்சின. முட்டையைத் தோண்டியவர்களும் இறால் வலைகளும் சேர்ந்து செய்த வேலை இது. ஆமைக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். இழுவலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். காவலும், ஆமை தப்பிப் போக வலையில் வைத்த வழியும் வந்த பிறகு, கூடுகள் மறுபடி ஆயிரக்கணக்காயின. அந்தப் பெட்டி இன்னும் கொஞ்ச காலம் திறக்கப்படாமல் இருந்திருந்தால், விடை கிடைக்கும்போது ஆமை இருந்திருக்காது. தெரிந்துகொள்வதில் தாமதம் என்பது சில விஷயங்களில் கொலைக்குச் சமம்.

இது தூரத்துக் கரையின் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. அந்த ரிட்லிக்கு நேர் தாயாதி ஒன்று நம் கரையில் ஏறுகிறது. நம் செம்படவர்கள் அதற்குப் பங்குனி ஆமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், இந்தப் பெயரில் உவமை இல்லை, உபதேசம் இல்லை. அது வரும் மாதம் இருக்கிறது. பார்த்தவன் வைத்த பெயர். சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் மணலோடு நடந்து அதன் முட்டைகளை எடுத்துக் காத்துப் பொரிக்க வைக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. பத்திரிகைகளில் படமும் எண்ணிக்கையும் வந்தன. எண்ணிக்கை நமக்கு ஒரு வாரம் நினைவிருக்கும். கதை தலைமுறைக்கு நிற்கும்.

நாவலுக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம் என்று இலக்கிய நண்பர் ஒருவர் கேட்டார். மனிதனுடைய உள்ளத்தை எழுதவே நமக்கு நேரம் போதவில்லை என்பது அவர் வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஜீவனை அது எதற்கும் உவமையாகாமல், எதற்கும் பயன்படாமல், அதுவாகவே பார்க்க முடிகிறவனால்தான் மனிதனையும் அப்படிப் பார்க்க முடியும். தமிழில் அப்படிப்பட்ட ஆமைப் புத்தகம் எழுத வேண்டியவர் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரவில் அந்த மணலில் நடந்த மாணவராக இருக்கலாம். பங்குனி ஆமையை வலையிலிருந்து அறுத்துவிட்ட செம்படவர் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அவரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: முதல் அத்தியாயத்தில் திருக்குறளை மேற்கோள் காட்ட வேண்டாம். ஆமை எந்தப் பக்கமாகக் கரையேறியது என்று சொல்லித் தொடங்குங்கள்.