கணுக்கால் பட்டை: காப்பும் வரம்பும்

கூடைப்பந்தில் அதிகம் அடிபடும் உறுப்பு கணுக்கால்தான். ரீபவுண்டுக்குத் துள்ளியவர் இறங்கும்போது இன்னொருவரின் பாதத்தை மிதித்துவிட்டால், மிதித்தவரின் பாதம் உட்புறமாகப் புரண்டு கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் கிழிகிறது. உயரக் கழுத்துள்ள ஷூ இதைத் தடுக்கும் என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் 622 பேரைச் சேர்த்து நடத்தி 1993இல் வெளியான ஆய்வு, உயர ஷூவுக்கும் தாழ்ந்த ஷூவுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. கயிறிட்டு இறுக்கும் கணுக்கால் பட்டையின் கதை வேறு. விஸ்கான்சின் மாநிலத்தில் 1,460 பள்ளி ஆட்டக்காரர்களிடம் ஒரு பருவம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பட்டை அணியாதவர்கள் பயிற்சியிலும் ஆட்டத்திலுமாக 1,000 முறை களமிறங்கியதற்கு 1.41 கணுக்கால் காயங்கள் ஏற்பட்டன. அணிந்தவர்களுக்கு அது 0.47 மட்டுமே.

பட்டை சுமையை முழங்காலுக்குத் தள்ளிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அதே ஆய்வில் முழங்கால் காயங்கள் கூடவில்லை. ஆகவே அந்த அச்சத்துக்காகப் பட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. முழங்கால் காயங்கள் கூடாததுபோலவே குறையவும் இல்லை. பட்டையையும் மீறிச் சுளுக்கியபோது அதன் கடுமை தணியவுமில்லை. திடீரெனத் திரும்புகையிலோ இறங்குகையிலோ முழங்கால் உள்நோக்கி மடிந்து ஏ.சி.எல். தசைநார் அறுவதைக் கணுக்காலில் கட்டிய பட்டை எப்படித் தடுக்கும்? பல மாதங்கள் ஆட்டக்காரரை வெளியே உட்கார வைக்கும் காயம் அதுதான்.

அந்த இடத்தை நிரப்பக்கூடியது உடற்பயிற்சி: ஒற்றைக் காலில் நிற்றல், முழங்காலை மடக்கி மெதுவாக இறங்கக் கற்றல், இடுப்புத் தசைகளை வலுப்படுத்தல். ஆனால் இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் பலர் செய்வதில்லை. கனடாவில் பள்ளி ஆட்டக்காரர்களுக்குச் சமநிலைப் பலகை கொடுத்து நடத்திய ஆய்வின் பலவீனமே அதுதான். சிகாகோ பள்ளிகளில் பயிற்சியாளர்களே முன்னின்று வார்ம்-அப்பாக நடத்தியபோது மாணவிகளின் கால் காயங்கள் குறைந்தன. மைதான நேரம் போதாது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் வழக்கமான வார்ம்-அப்புக்குப் பதிலாக இதைச் செய்தால் கூடுதல் நேரம் அதிகம் தேவைப்படாது.

எனவே பட்டையா பயிற்சியா என்று கேட்பதே தவறு. ஏற்கெனவே சுளுக்கியவருக்கு மீண்டும் சுளுக்கும் அபாயம் பல மடங்கு என்பதால், பட்டை அவருக்கு முதலில் வேண்டும். பயிற்சி எல்லாருக்கும் வேண்டும். பட்டையை மாணவர் தானே வாங்கிக்கொள்ளலாம்; பயிற்சியை அணியின் அன்றாட வழக்கமாக்குவது பயிற்சியாளரின் கடமை. பட்டை வாங்கித் தந்ததோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை.