படிப்பு நான்கு ஆண்டு, பொறுப்பு ஐந்து ஆண்டு

கொலராடோ பல்கலைக்கழகத்தின் சிவில் பொறியியல் பேராசிரியர் பெர்னார்ட் அமடெய், 2000-இல் பெலீஸ் நாட்டின் சான் பாப்லோ கிராமத்துக்குப் போனார். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் ஆற்றுத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். மறு ஆண்டு எட்டு மாணவர்களோடு திரும்பி வந்து, அருகிலிருந்த அருவியின் விசையைக் கொண்டே தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தார். ஆன செலவு 14,000 டாலர். இந்த அனுபவத்திலிருந்து 2002-இல் உருவானதுதான் அமெரிக்காவின் ‘எல்லைகளற்ற பொறியாளர்கள்’ அமைப்பு. இதே பெயரில் பிரான்சிலும் கனடாவிலும் தனித்தனி அமைப்புகள் அதற்கு முன்பே இருந்தன.

மாணவர்களையும் தொழில்முறைப் பொறியாளர்களையும் ஒரே குழுவில் சேர்த்ததுதான் அமெரிக்க அமைப்பின் பெரிய பலம். வகுப்பறைக் கணக்கில் நீரோட்ட அளவு கேள்வியிலேயே இருக்கும். கிராமத்திலோ, கோடையில் ஊற்றடியில் வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும். யார் நிலத்தின் வழியே குழாய் போகலாம் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. வரைபடத்தை அனுபவசாலி ஒருவர் சரிபார்ப்பதால், மாணவர் ஆர்வம் விபரீதத்தில் முடிவதும் குறைகிறது. நம் கல்லூரிகளில் மரக்கன்றோடு படமெடுத்துக் கலையும் சுற்றுச்சூழல் மன்றங்களோடு இதை ஒப்பிடவே முடியாது.

சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டால் கல்லூரிக் கிளை ஐந்து ஆண்டுகள் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அமெரிக்க அமைப்பு. நல்ல விதிதான். ஆனால் பட்டப்படிப்பே நான்கு ஆண்டு. அளவெடுத்தவர் குழாய் பதிக்கும்போது இருக்கமாட்டார். பதித்தவர், வால்வு கசியும்போது வேறு ஊரில் வேலையில் இருப்பார். மிஞ்சுவது கோப்பு. ‘தண்ணீர்க் கமிட்டித் தலைவருக்கும் கடைக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை’ போன்ற விஷயங்களை எந்தக் கோப்பு சுமக்கும்? பயோடேட்டாவில் மட்டும் அந்தத் திட்டம் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

கனடா அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளையே ஆண்டறிக்கையாக வெளியிட்டது. வெற்றிக்கதை சொல்லியே நன்கொடை திரட்டும் உலகில் இது அபூர்வமான துணிச்சல். அந்த அமைப்பைச் சேர்ந்த டேவிட் டாம்பர்கர் ஓர் உரையில் மலாவி நிலவரத்தை விவரித்தார்: கனடா அரசின் நிதியில் போட்ட குடிநீர்க் குழாய்கள் வெகு சீக்கிரம் வறண்டுவிட்டன, பக்கத்திலேயே, அதற்குமுன் அமெரிக்க நிதியில் போட்ட குழாய்களும் அதே கதியில் கிடந்தன. புதிதாகக் கட்டப் பணம் கிடைக்கிறது, பழுது பார்க்கக் கிடைப்பதில்லை. ஒரு வாஷருக்கு யார் பெயர்ப்பலகை வைப்பார்கள்? தோல்வி அறிக்கையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அதை எழுதுவது அமைப்பு, படிப்பது நன்கொடையாளர். வறண்ட குழாயடியில் நின்றவருக்கு அதில் ஒரு பக்கம்கூடக் கிடையாது.

அமெரிக்க அமைப்பு பின்னர் குவாத்தமாலா, உகாண்டா போன்ற நாடுகளில் உள்ளூர்ப் பொறியாளர்களைக் கொண்ட அலுவலகங்களைத் திறந்தது. பாதிச் சிக்கலுக்கு இதுவே மருந்து. அப்படியானால் மாணவர்கள் விமானம் ஏறத்தான் வேண்டுமா? அந்தக் கட்டணத்தில் உள்ளூர்ப் பிளம்பர் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கலாம். ஆனாலும் ஒரு பயணத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்: வேலை முடிந்து மூன்றாம் ஆண்டு, திறப்பு விழா எதுவும் இல்லாத ஒரு நாளில் போய், ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்க்கும் பயணம். கிளைகள் நிதி திரட்டும்போது முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது அந்தப் பயணத்துக்கான பணத்தைத்தான்.