கணமும் நிலமும்: ஸ்ரீபெரும்புதூர்ச் செய்தி ஒளிப்படங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

செய்தி ஒளிப்படக் கலைஞரின் திறனை, கணப்பொழுதைத் தவறவிடாத விரைவாக மட்டுமே மதிப்பிடும் வழக்கம் உண்டு. அவ்வளவுகோல் போதாது என்பதை, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 1991, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்ட செய்திப் படங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1952இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பதிப்பு, ‘தீர்மானிக்கும் கணம்’ என்னும் பொருளுடைய தலைப்பைப் பெற்றது. அத்தொடரே பின்னர் ஒளிப்படத் திறனாய்வின் நிலைத்த அளவுகோலாயிற்று. ஆயின் அதன் எல்லையை அவருடைய பணியே காட்டுகிறது. 1948 ஜனவரி 30 அன்று அவர் காந்தியடிகளைச் சந்தித்துத் திரும்பிய சிறிது நேரத்தில் காந்தியடிகள் சுடப்பட்டார். சுடப்பட்ட கணம் அவர் படச்சுருளில் இல்லை. இறப்புச் செய்தியை நேரு அறிவிக்கும் படமும் இறுதி ஊர்வலப் படங்களும் அக்கணத்திற்குப் பிந்தியவை. எனினும் அந்நாள்களின் துயரை அவை இன்றும் உணர்த்துகின்றன.

தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருளாக வைக்கிறது. ஒளிப்படத் திறனாய்வோ பொழுதை ஏற்று நிலத்தை விட்டுவிட்டது. கலைஞர் எங்கு நிற்கிறார், அங்கு நிற்க அவருக்கு எவ்வாறு இடம் கிடைத்தது என்பனவும் படத்தின் பொருளைத் தீர்மானிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பத்துப் படங்கள்

1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அருகில் நின்று படமெடுத்த ஹரிபாபு என்னும் இளம் ஒளிப்படக்காரரும் உயிரிழந்தார். அவருடைய கேமரா தப்பியது. அதிலிருந்த பத்துப் படங்கள் புலனாய்வுக்குப் பெருஞ்சான்றாயின.

கடைசிப் படத்தில் வெடிப்பின் தீப்பிழம்பு பதிந்துள்ளது. கண அளவுகோலின்படி அதுவே தலையாய படம். ஆனால் அது எவரையும் அடையாளம் காட்டவில்லை. வழக்கை நகர்த்தியவை அதற்கு முந்தைய படங்கள்: கையில் மாலையுடன் காத்திருக்கும் பெண்; குறிப்பேட்டுடன் செய்தியாளர்போல நிற்கும் ஆண். எடுக்கப்பட்டபோது அவை எந்தக் கூட்டத்திலும் கிடைக்கக்கூடிய காட்சிகள். பின்வந்த வெடிப்பே அவற்றுக்குப் பொருள் தந்தது.

ஹரிபாபுவைச் சதிகாரர்களே படமெடுக்க அழைத்து வந்தனர் என்பது சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முடிவு. அவ்வாறெனில், அக்கணத்திற்கு அவ்வளவு அருகில் அவரை நிறுத்தியது தொழில்திறன் மட்டுமன்று. பிறர் வகுத்த திட்டமும் ஆகும். இங்கு நிலத்தை விடுத்துப் பொழுதை மட்டும் பேசும் திறனாய்வு முழுமை பெறாது.

வாயிலுக்கு வெளியே

அவ்வூரிலிருந்து ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. 2021 டிசம்பரில், விடுதி உணவால் பலர் நோயுற்றதை அடுத்து, பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அவர்கள் சாலைக்கு வந்த பின்னரே செய்திப் படங்களுக்குள்ளும் வந்தனர். விடுதி அறையும் உணவுக்கூடமும் அதற்கு முன்னரும் இருந்தன. அங்கே செய்தி ஒளிப்படக் கலைஞர் நிற்க இடமில்லை. நிலம் மறுக்கப்பட்ட இடத்தில் பொழுதும் வாய்ப்பதில்லை.

2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தின் பெரும்பகுதி, பந்தலின்கீழ் வரிசையாக அமர்ந்து காத்திருத்தலே. கைது நடந்த பொழுதுகள் விரைவான படங்களைத் தந்தன. காத்திருத்தலோ நாள்தோறும் ஒரே தோற்றம் உடையது. கண அளவுகோல் அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று கருதிவிடும். ஆயின் அத்தொழிலாளர்களின் உறுதி, மாறாத அத்தோற்றத்தில்தான் இருந்தது. அதை ஒரு படத்தால் காட்ட இயலாது; ஒரே இடத்திற்கு மீண்டும் மீண்டும் சென்று எடுத்த வரிசையால்தான் காட்ட இயலும்.

முடிவுரை

விரைவு தேவையற்றது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. விரைந்த விரலின்றிச் செய்தி ஒளிப்படம் இல்லை. ஆனால் கணம் முன்பின் படங்களால் பொருள் பெறுகிறது என்பதை 1991ஆம் ஆண்டுப் படங்களும், நிற்க இடம் கிடைத்தாலன்றிக் கணமே கிட்டாது என்பதை 2021ஆம் ஆண்டுப் படங்களும், கணமாகச் சுருங்காத வாழ்வும் செய்தியே என்பதை 2024ஆம் ஆண்டுப் படங்களும் உணர்த்துகின்றன. ஒரு செய்திப் படத்தைப் பாராட்டும்போது, அது எந்தக் கணத்தைப் பிடித்தது என்பதோடு, எந்த வாயிலுக்கு வெளியே நின்று எடுக்கப்பட்டது என்பதையும் தமிழ்த் திறனாய்வு கேட்டாக வேண்டும்.