குழிவில் எழும் முகம்

கண்ணாடியில் செதுக்கிய ஒரு முகத்தைப் பார்க்கக் கண் மட்டும் போதாது, விரலும் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் வட்டமான கண்ணாடிப் பாளம் ஒன்றைச் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒருவரின் பக்கவாட்டு முகம் தெரிகிறது. கன்னம் உப்பியிருக்கிறது, மூக்கு துருத்துகிறது, காதோரம் முடிச்சுருள் மேலெழுந்து நிற்கிறது. கண் நம்பிவிட்டது. இப்போது விரலை வையுங்கள். கன்னம் இருக்குமிடத்தில் பள்ளம், மூக்கு இருக்குமிடத்தில் அதைவிடப் பெரிய பள்ளம். மேடு என்று எதுவுமே இல்லை. நம் வீட்டுக் கொழுக்கட்டை அச்சின் உட்புறத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு இந்த மயக்கம் புரியும். ஆனால் அச்சில் குழிவு ஒரு வழி மட்டுமே, மாவு வந்து அதை நிரப்ப வேண்டும். இங்கே குழிவேதான் உருவம். அதை நிரப்புவது வெளிச்சம்.

இந்த வித்தையைச் செய்தவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் டொமினிக் பீமன். 1800இல் பிறந்தவர். பிறந்த இடம் செக் நாட்டின் வடக்கு எல்லையில் கர்கொனோஷே மலைத்தொடரின் மேற்குக் கோடியில் உள்ள ஹர்ரஹோவ். ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். நாலு பக்கமும் ஊசியிலைக் காடு, நடுவே மும்லாவா ஆறு. சில கிலோமீட்டர் போனால் போலந்து. இன்று பனிச்சறுக்குக்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரியும். செர்தாக் என்னும் ராட்சதச் சறுக்கு மேடையிலிருந்து மனிதர்கள் பறப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். எனக்கு இந்த ஊர் கண்ணாடியின் ஊர்.

ஊரின் ஒரு பகுதிக்கு நோவி ஸ்வியெட் என்று பெயர், அதாவது புது உலகம். அங்குள்ள கண்ணாடி ஆலையைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1712ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எலியாஸ் முல்லர் என்ற கண்ணாடி ஆசான் நடத்திய ஆலை அது. 1764இல் நிலவுடைமைப் பிரபுக்களான ஹர்ராக் குடும்பம் ஆலையைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஊரின் பெயரும் அவர்களுடையதே. அந்த இடத்தில் உலை மூட்டும் மரபு முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி வந்திருக்கிறது.

மலைக்காட்டுக்குள் போய் ஏன் கண்ணாடி செய்தார்கள்? விறகுக்காக என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது பாதிதான் சரி. வெட்டிய மரத்தில் பெரும்பங்கு உலைக்குள் போகவில்லை, சாம்பலாகப் போனது. பீச் போன்ற மரங்களை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிய நீரைக் காய்ச்சி வற்றவைத்தால் பொட்டாஷ் என்னும் காரம் கிடைக்கும். வண்டி வண்டியாக மரம் எரிந்தால் கையளவு பொட்டாஷ். அது இல்லாவிட்டால் குவார்ட்ஸ் மணல் உலையின் சூட்டில் உருகாது. காடு தீரும்போது ஆலையும் இடம் பெயரும். மலைக்கு அப்பால் இருக்கும் போலந்து ஊரின் பெயர் ஷ்க்லார்ஸ்கா பொரெம்பா. கண்ணாடிக்காரர்கள் காடு வெட்டிய வெளி என்று பொருள். மரம் வெட்டிய கதையை அந்த ஊர் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது.

பீமனுக்கு வருவதற்கு இந்தப் பொட்டாஷ்தான் வழி. வெனிஸ் கண்ணாடியில் அன்று சேர்ந்தது கடலோரச் செடிகளின் சாம்பலில் கிடைக்கும் சோடா. அது உலையிலிருந்து வெளியே வந்த பிறகும் வெகுநேரம் இளகியே இருக்கும். இழுக்கலாம், முறுக்கலாம், இதழ் இதழாக விரிக்கலாம். வெனிஸ்காரர்களின் கலை முழுவதும் அந்த இளக்கத்தில் பிறந்தது. ஹர்ரஹோவ் இருக்கும் பொஹீமியாவின் கண்ணாடிக்காரர்களோ 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொட்டாஷோடு சுண்ணாம்பையும் சேர்த்தார்கள். கிடைத்த கண்ணாடி சீக்கிரம் இறுகுவது, நெளிவுக்கு ஒத்துவராதது. ஆனால் தடிமனாக வார்க்கலாம், நிறமற்றுத் தெளிந்திருக்கும், கடினமாக இருக்கும். மலையில் வெட்டியெடுத்த படிகக்கல் போன்றது. சூட்டில் பணியாத அந்தக் கண்ணாடி ஆறிய பிறகு சாணைக்குப் பணிந்தது.

படிகக்கல் என்று சொன்னது வெறும் உவமையில்லை. பிராகில் இரண்டாம் ருடால்ஃப் பேரரசரின் அவையில் இரத்தினக்கல் செதுக்குபவர்கள் இருந்தார்கள். அவர்களில் காஸ்பர் லேமன் என்பவர் கல்லில் செய்துவந்த வேலையைக் கண்ணாடிக்குக் கொண்டுவந்தார். கண்ணாடி செதுக்கும் தனியுரிமையைப் பேரரசர் 1609இல் அவருக்கு வழங்கினார். பீமன் முன்னால் சுழன்ற செதுக்குச் சக்கரத்துக்குப் பூர்விகம் இரத்தினப் பட்டறைதான்.

அந்தச் சக்கரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் என் வியப்பெல்லாம். செதுக்குபவருக்கு முன்னால் ஒரு சிறிய கடைசல் அச்சு, காலால் மிதித்துச் சுழற்றுவது. அதன் முனையில் செம்புச் சக்கரம். ஒரே சக்கரம் போதாது. பெரிய நாணயம் அளவிலிருந்து குண்டூசித் தலை அளவு வரை டசன் கணக்கில் இருக்கும். விளிம்பு தட்டையாக, உருண்டையாக, கத்திபோலக் கூராக ஒவ்வொன்றும் ஒரு விதம். செம்பு மென்மையான உலோகம், அது கண்ணாடியை வெட்டாது. எண்ணெயில் குழைத்த குருந்தப்பொடியைச் சக்கரத்தின் மேல் தடவுவார்கள். செம்பு அந்தப் பொடியைத் தாங்கிச் சுழலும், பொடி கண்ணாடியைத் தின்னும்.

கல்தச்சர் உளியைக் கல்லிடம் கொண்டுபோகிறார். இங்கே கருவி ஒரே இடத்தில் நின்று சுழல்கிறது, பொருள்தான் அதைத் தேடிப் போகிறது. முழங்கைகளை மெத்தைமேல் ஊன்றிக்கொண்டு, குவளையைச் சக்கரத்துக்கு அடியில் பிடித்து, கீழிருந்து மேலாக அழுத்துவார் செதுக்குபவர். சக்கரம் கண்ணாடியைத் தொடும் புள்ளி சக்கரத்தாலேயே மறைந்துவிடும். மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் கறுத்த எண்ணெய்க்குழம்பு மூடிவிடும். ஆக, வேலை நடக்கும் இடத்தை அவரால் நேராகப் பார்க்க முடியாது. காதில் விழும் உராய்வொலியும் விரலில் ஏறும் அதிர்வும்தான் ஆழத்தைச் சொல்லும். துடைப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், மறுபடி அடியில் கொண்டுபோவார். முகத்தில் எது மேலெழ வேண்டுமோ அதை ஆழமாகத் தோண்ட வேண்டும். எல்லாவற்றையும் தலைகீழாக எண்ணிப் பழகிய கை இல்லாமல் இது நடக்காது. ஒரு கீற்று ஆழமாகிவிட்டால் திரும்ப நிரப்ப வழியில்லை.

பீமன் இந்தத் தொழிலை நோவி ஸ்வியெட்டின் ஹர்ராக் ஆலையில் கற்றார். பிறகு பிராக் போய் ஓவியக் கல்விச்சாலையில் படித்து, அங்கேயே பட்டறை வைத்தார். கோடைக்காலங்களில் ஃபிரான்சென்ஸ்பாட் என்னும் ஊற்றுநீர்ச் சிகிச்சை ஊருக்குப் போவார். உடம்பைத் தேற்றிக்கொள்ள வரும் சீமான்களும் சீமாட்டிகளும் அவர் முன்னால் உட்கார்ந்து தங்கள் முகத்தைக் கண்ணாடியில் செதுக்கச் சொல்லி வாங்கிப் போவார்கள். புகைப்படம் பரவலாவதற்கு முந்தைய காலம். 1857இல் இறந்தார். அவருடைய கையெழுத்தில் பெயரின் எழுத்துக்கூட்டுகூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆனால் முகங்கள் மாறாத உறுதியோடு இருக்கின்றன.

அவரிடம் நான் ரசிப்பது சொரசொரப்பின் நிதானத்தை. செம்புச் சக்கரம் வெட்டிய இடம் இயல்பிலேயே பனிபடிந்ததுபோல் மங்கலாக இருக்கும். வேறு பலர் அதைப் பளபளப்பாக்கி மினுக்கினார்கள். பீமன் தோலை மங்கலாகவே விட்டார். கன்னம் தாடையை நோக்கி இறங்கும் இடத்தில் மங்கலின் அடர்த்தி இழை இழையாகக் குறைந்துகொண்டே போகும். பென்சிலால் நிழல் தீட்டியதுபோல இருக்கும், ஆனால் அங்கே தீட்டப்பட்ட எதுவும் இல்லை. முதியவர்களின் முகங்களில் கண்ணுக்குக் கீழே தளர்ந்த சதையைக்கூட அழகுபடுத்தாமல் விட்டிருக்கிறார். பணம் கொடுத்து உட்கார்ந்தவரிடம் அப்படி நடந்துகொள்ளத் துணிவு வேண்டும்.

ஹர்ராக் ஆலை இந்த நிறமற்ற கண்ணாடியோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தங்கம் சேர்த்த மாணிக்கச் சிவப்பு, யுரேனியம் சேர்த்த மஞ்சள்பச்சை, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் போர்த்தி வெட்டிய அடுக்குக் கண்ணாடி, நூற்றாண்டின் கடைசியில் எனாமல் பூ வரைந்த பெரிய ஜாடிகள் என்று செய்துகொண்டே இருந்தது. ஜெர்மனியின் பாஸாவ் நகரில் உள்ள கண்ணாடி அருங்காட்சியகத்தில் இவற்றை அலமாரி அலமாரியாகப் பார்க்கலாம். அடுக்குக் கண்ணாடியில் என்னால் மனதைப் பறிகொடுக்க முடிகிறது. மேல் நிறத்தைச் சாணை கிழிக்கும்போது உள்ளிருக்கும் தெளிவு சன்னல் திறந்ததுபோல் வரும். எனாமல் ஜாடிகள் எனக்கு ஒட்டவில்லை. கைத்திறன் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் வெளிச்சத்தை உள்ளே விடாத கண்ணாடிக்குப் பீங்கானே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹர்ரஹோவ் மண்ணுக்குள்ளும் தோண்டியது. ஊரின் இன்னொரு பகுதிக்கு ரீஷோவிஷ்டே என்று பெயர், தாது அரித்தெடுத்த இடம் என்று அர்த்தம். மலையின் புதையல்களைக் கிரகோனோஷ் என்னும் மலைத்தேவன் காவல் காக்கிறான் என்று அங்குள்ளவர்கள் கதை சொல்வார்கள். ஈயத் தாது, பாரைட், புளூரைட் ஆகியவை கிடைத்த மலை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய அளவில் நடந்த புளூரைட் சுரங்கம் 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, தலைக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே நடந்து போகலாம். புளூரைட் ஊதாவும் பச்சையுமாகப் படிகம் கட்டும் கனிமம். உலோகத்தை உருக்கும்போது சேர்த்தால் உருகுவது எளிதாகும், கண்ணாடியில் கூடுதலாகச் சேர்த்தால் பால்போல் வெளுக்கும். ஒளி ஊடுருவும் அந்தப் படிகம் கண்ணாடிக்குள் போய் ஒளியை மறிப்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

எல்லையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீமன் காலத்தில் மலைக்கு இப்புறம் ஆஸ்திரியா, அப்புறம் பிரஷ்யா, இரண்டு பக்கமும் கண்ணாடிக்காரர்கள் பேசியது ஜெர்மன். 1945க்குப் பிறகு அந்த ஜெர்மன் குடும்பங்கள் இரு பக்கத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டன. ஒரு பக்கம் செக்காரர்களும் மறுபக்கம் போலந்துக்காரர்களும் வந்து குடியேறினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த தொழிலில் மனிதர்கள் மொத்தமாக மாறினால் அறிவின் தொடர்ச்சி அறுந்துபோகும். ஹர்ரஹோவில் உலை அணையாமல் நின்றதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 2007 டிசம்பரில் எல்லைச் சோதனைகள் நின்றன. 2010இல் ஹர்ரஹோவிலிருந்து எல்லை தாண்டி ஷ்க்லார்ஸ்கா பொரெம்பாவுக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது.

ஆலை 1993இல் தனியார் கைக்குப் போனது. 2002இல் அதே வளாகத்தில் ஒரு சிறிய பீர் ஆலையும் வந்தது. வெப்பத்தில் வேர்த்துக் கொட்டும் ஊதுபவர்கள் நீர்ச்சத்துக்காக இலேசான பீர் குடிப்பது அந்தத் தொழிலின் பழைய வழக்கம், அதனால் அது பொருத்தமான ஜோடி. ஊதுகுழலின் நுனியில் தேன்போலத் தொங்கும் உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் ஊறிய மர அச்சுக்குள் இறக்கிச் சுழற்றிக்கொண்டே ஊதுவார்கள். மரம் கருகும், நீராவி எழும், அந்த நீராவிப் படலத்தின் மேல் கண்ணாடி மரத்தைத் தொடாமல் சுழலும். அப்படி வந்த குவளையில் ஒட்டுக்கோடு இருக்காது. நம் வீட்டில் இருக்கும் அச்சுக்கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டில் நகத்தால் வருடினால் நெடுக ஒரு கோடு தட்டுப்படும், இரும்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம் அது. கையால் செய்தது எது, எந்திரம் செய்தது எது என்று அறிய எனக்குத் தெரிந்த முதல் சோதனை இதுதான்.

இந்த மலையோரத்துக் கண்ணாடி நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. ஹர்ரஹோவுக்குச் சற்று மேற்கே இருக்கும் யாப்லோனெட்ஸ் நகரம் மணிகளுக்கும் வளையல்களுக்கும் பேர்போனது. முதல் உலகப் போருக்கு முன் இந்தியச் சந்தைக்குக் கப்பல் கப்பலாகக் கண்ணாடி வளையல் அனுப்பிய ஊர் அது. கையால் கண்ணாடி செய்யும் தொழிலை, செக் நாடும் வேறு ஐந்து நாடுகளும் கேட்டுக்கொண்டபடி, யுனெஸ்கோ 2023இல் மானுடத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. பட்டியலால் உலை எரியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஊதுகுழலுக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஹர்ரஹோவுக்கு யாரேனும் போக வாய்த்தால் ஒரு வேண்டுகோள். விற்பனைக் கடைக்குள் நுழையும் முன் ஆலையின் பழைய பட்டை தீட்டும் பட்டறையைத் தேடிப் போங்கள். 1895ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓடும் தண்ணீர் ஒரு டர்பைனைச் சுழற்றும், அது கூரையோரம் நீளும் தண்டைச் சுழற்றும், அங்கிருந்து இறங்கும் பட்டைவார்கள் ஒவ்வொரு சாணைக்கல்லையும் சுழற்றும். பட்டைவாரின் சத்தத்தையும், ஈரக்கல்லில் கண்ணாடி படும்போது எழும் கீச்சொலியையும் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். அதன் பிறகு கடைக்குப் போய் ஒரு குவளையை எடுத்து, விலைச்சீட்டைப் பார்க்காமல், சன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.